லாண்டரி மாடியில் கண்டக்டர் அக்கா

கூட்டம் தொடங்குமுன் கண்டக்டர் அக்கா நாற்காலி வரிசைகளுக்கு நடுவே ஒரு நடை போய்விட்டு வருவார். நடக்கும்போது உடம்பு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் சாயும். லாண்டரிக் கடையின் மாடி அது. கெட்டியான சிமெண்டுத் தரை, எங்கேயும் கிளம்பிப் போகிற உத்தேசம் அதற்கு இல்லை. ஆனாலும் அக்கா ஆடி ஆடித்தான் நடப்பார். இடது கை, அங்கே இல்லாத தோல்பையை அணைத்துக்கொண்டிருக்கும். வாசலில் யாராவது தேங்கி நின்றால் போதும்.

"உள்ள போங்க, உள்ள போங்க. முன்னாடி காலியாத்தான இருக்கு? படியில நின்னு என்ன சாதிக்கப் போறீங்க?"

பகலெல்லாம் பஸ்ஸில் சொன்னது நாக்கில் மிச்சம் இருக்கிறது. கண்ணிலும் மிச்சம் இருக்கிறது. எங்கே போனாலும் தலைகளை எண்ணுவார். மருந்துக்கடை வரிசையில் எண்ணுவார். எங்கள் வீட்டுக்குள் நுழைந்தால் அம்மாவையும் என்னையும் எண்ணிவிட்டுத்தான் உட்காருவார்.

எங்கள் தெருவில் பல மொழிக்கும் ஆள் உண்டு. பல சாமிக்கும் ஆள் உண்டு. சாமியே வேண்டாம் என்பவர்கள் தனிக் கட்சி. இத்தனை பேரையும் ஒரே அறையில் உட்கார வைப்பது தெருச் சங்கத்தின் வேலை. அதற்கு அக்காதான் தலைவி. அம்மாவுக்கு மாலை ஷிப்ட் என்பதால் எங்கள் வீட்டு ஓட்டு என் கையில். இதைவிடப் பெரிய தவறை இந்தச் சங்கம் செய்ததில்லை என்று என் வாத்தியார் சொல்வார்.

போன கூட்டத்தில் தெருமுனைக் காலி மனையைப் பற்றிப் பேச்சு. பிள்ளைகள் பந்து விளையாட விடலாம் என்றார் அக்கா. வேன்களை நிறுத்தலாம் என்றார் எலக்ட்ரீஷியன். அவர் அக்காவின் சொந்தக் கொழுந்தன். ஒரே ஒரு கை வித்தியாசத்தில் பந்து ஜெயித்தது. "எண்ணினது தப்பு, அண்ணி!" என்று கொழுந்தன் கத்த, "என் எண்ணிக்கையிலயா தப்பு? எத்தன வருஷமா தலைய எண்ணறேன்!" என்று அக்கா கத்த, யாரோ தள்ளிய நாற்காலி ஒன்று மாடிப்படி வழியே உருண்டு, கீழே இஸ்திரி போட்டு அடுக்கியிருந்த சட்டைகளின் மேல் போய் உட்கார்ந்தது. அன்றோடு கொழுந்தன் அண்ணி வீட்டுப் பக்கமே போவதில்லை. லாண்டரிக்காரரும் சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவ சத்தம் கேட்டுச்சோ, சாவி கெடையாது." அந்த அறை போனால் சங்கம் போச்சு. இத்தனை பேரைத் தாங்கும் அறை எங்கள் தெருவில் வேறில்லை.

ஆகவே இந்த முறை பேச ஒரே விஷயம்தான். கூட்டத்தில் எப்படிப் பேசுவது? நான் சீக்கிரமே போய் நல்ல இடமாகப் பிடித்துக்கொண்டேன். சண்டையை டிக்கெட் இல்லாமல் வேறெங்கே பார்க்க முடியும்!

அக்கா ஏமாற்றவில்லை. "ஒருத்தர் பேசறப்ப இன்னொருத்தர் பேசக் கூடாது" என்று முதல் விதியைச் சொன்னார். அது நல்ல விதிதான் என்று மொத்த அறையும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தது. பேக்கரிக்காரர் மேசையைத் தட்டி ஆதரித்தார். கீழே இஸ்திரிப் பெட்டியின் சத்தம் நின்றது. லாண்டரிக்காரர் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

அக்கா கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து ஒரே ஒரு ஊது ஊதினார்.

பாதி அறை எழுந்து நின்றது! பைகளை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டது. பேக்கரிக்காரர் வாசலை நோக்கி இரண்டு அடி எடுத்து வைத்தேவிட்டார். எல்லோரும் தினமும் அக்காவின் பஸ்ஸில் போகிறவர்கள், பாவம். ஒரு விசில் என்றால் இறங்க வேண்டும் என்பது கால்களுக்கே தெரியும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்புறம் சிரித்தார்கள் பாருங்கள், கீழே லாண்டரிக்காரர் சிரிப்பதும் கேட்டது.

"ஒக்காருங்க, இன்னும் ஸ்டாப்பிங் வரல" என்றார் அக்கா. "இனிமே இதான் விதி. ஒரு விசில் அடிச்சா பேசறவங்க நிறுத்தணும். ரெண்டு விசில் அடிச்சா அடுத்தவங்க."

"அண்ணி, இது பஸ் இல்ல."

"பஸ்ஸா இருந்தா உன்ன எப்பவோ எறக்கி விட்டிருப்பேன். ஒக்காருப்பா."

அதற்கப்புறம் அக்காவைப் பிடிக்க முடியவில்லை. சீக்கிரம் கிளம்ப வேண்டியவர்கள் முதலில் பேசலாம். ஒருவரின் சாமியை, சாதியை, சமையலை இழுத்தால் அதோடு அவர் பேச்சு முடிந்தது. மொழி புரியாதவருக்குப் பக்கத்தில் புரிந்தவர் உட்கார்ந்து சொல்ல வேண்டும், அதுவரை எல்லோரும் காத்திருக்க வேண்டும்.

"ஒவ்வொண்ணுக்கும் காத்திருந்தா விடிஞ்சிரும், அண்ணி!"

"ஒருத்தர் படியில கால வெச்சிருக்கறப்ப பஸ்ஸ எடுப்பாங்களா?"

எங்கள் தெரு நர்ஸ் எழுந்து, கடைசி வரிசையில் இருந்த வாட்ச் ரிப்பேர்காரருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அந்த மனுஷனின் மொழி நர்ஸுக்கு மட்டும்தான் தெரியும். வாட்ச்காரர் புதிதாகக் குடிவந்தவர். வெயில் நாளிலும் கழுத்தில் மப்ளர். எந்த ஓட்டெடுப்பானாலும் முதல் கேள்விக்கே கையைத் தூக்கிவிடுவார். எதற்கும் ஒத்துப்போகிற தங்கமான ஆள் என்று அவருக்குத் தெருவில் பெயர்.

"கடைசி சீட்டுக்குத்தான் குலுக்கல் ஜாஸ்தி. அங்கிருந்து ஆரம்பிப்போம்" என்றார் அக்கா.

வாட்ச் ரிப்பேர்காரர் எழுந்தார். தொண்டையைச் செருமினார். கையைத் தூக்கி மேலே காட்டி, ஏதோ இரண்டு வரி சொன்னார். நர்ஸ் களுக்கென்று சிரித்தார். சிரித்த வாயை உடனே மூடிக்கொண்டு அக்காவைப் பார்த்தார்.

அக்காவின் முகமும் மாறிவிட்டிருந்தது. எந்த மொழியிலும் 'சில்லறை இல்லை', 'தள்ளி நில்லு', 'காத்து அடிக்குது, ஜன்னலை மூடு' என்ற அளவுக்கு அக்காவுக்குத் தெரியும். பஸ் கொடுத்த படிப்பு. 'காத்து' மட்டும் அவருக்குப் புரிந்திருக்கிறது. அதுவே போதுமாக இருந்தது. அறையில் வேறு யாருக்கும் எதுவும் புரியவில்லை. 'வணக்கம் சொல்றாரு' என்று நர்ஸ் சொல்லியிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். எங்கள் மனையும் பந்தும் பிழைத்திருக்கும். இருவர் முகத்தையும் பார்த்ததுமே ஏதோ வில்லங்கம் என்று தெரிந்து, நான் நர்ஸைக் கண்ணாலேயே கெஞ்சினேன்.

"சொல்லும்மா" என்றார் அக்கா. "எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு."

"தலைக்கு மேல இருக்கற ஃபேன நிறுத்தச் சொல்றாரு. காத்து ஒத்துக்கலயாம். வந்த நாள்லேர்ந்து கையத் தூக்கித் தூக்கிக் காட்டறாராம். யாரும் நிறுத்தலயாம். கை வலிச்சதும் எறக்கிருவாராம்."

எல்லோரும் அண்ணாந்து ஃபேனைப் பார்த்தார்கள். பிறகு எலக்ட்ரீஷியன் குதித்தார்.

"பந்து ஜெயிச்ச அந்த ஒரு ஓட்டு! ஃபேனுக்குப் போட்ட ஓட்டு! நான் அன்னிக்கே சொன்னேனா இல்லயா?"

அக்கா விசிலை ஊதினார். ஒன்று. இந்த முறை யாரும் எழவில்லை. கொழுந்தன் பாதி வாக்கியத்தை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"நீ சொன்னதுதாம்ப்பா சரி" என்றார் அக்கா. "என் எண்ணிக்கை தப்பு. போன ஓட்டு செல்லாது. இப்பவே திரும்ப எடுப்போம்."

கழுத்திலிருந்து விசிலைக் கழற்றினார். சட்டைக் கையில் நன்றாகத் துடைத்தார். "இந்தா. இந்தத் தடவ நீ எண்ணு."

கொழுந்தன் விசிலை வாங்கிக்கொண்டு அதையே பார்த்தார். "நானா, அண்ணி?" என்ற குரலில் பழைய சூடு இல்லை.

அக்கா நாற்காலிகளுக்கு நடுவே ஆடி ஆடி நடந்து கடைசி வரிசைக்குப் போனார். போகிற வழியில் ஃபேன் சுவிட்சைத் தட்டி அணைத்தார். வாட்ச் ரிப்பேர்காரருக்கு மறுபக்கம் உட்கார்ந்தார். நர்ஸ் அந்த மனுஷனின் காதில் மனையைப் பற்றியும் வேன்களைப் பற்றியும் பந்தைப் பற்றியும் முழுதாகச் சொல்லி முடிக்கும்வரை அறை காத்திருந்தது.

எலக்ட்ரீஷியன் கொஞ்சம் கூச்சத்தோடு இரண்டு விசில் அடித்தார். "பசங்க வெளையாடட்டும்னு சொல்றவங்க, கையத் தூக்குங்க."

என் கை முதலில் போனது. உடனே திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தேன். அக்காவின் கை உயர்ந்திருந்தது. ஊர்த் தலைகளையெல்லாம் எண்ணுகிற அந்த அக்கா, பக்கத்து நாற்காலியில் கை எழுகிறதா இல்லையா என்று தன் கண் தப்பித்தவறிக்கூடப் போய்விடாமல் இருக்க, இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டிருந்தார்.