சிவப்பு நாடா கட்டிய மரங்கள்

அந்த வெள்ளைக்காரர் முதலில் போய்க் கேட்டது என் புருஷனிடம். அங்கேயே பிழை விட்டுவிட்டார். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், தண்ணீரைப் பார்த்துக் கிடக்கும் அந்தக் காணி என் தாய் எனக்குச் சீதனமாகத் தந்தது. அவவுக்கு அவவின் தாய் தந்தது. எங்கள் பக்கத்தில் காணியும் வீடும் பெண்ணுக்குத்தான். என் புருஷன் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு என் பக்கம் கையை நீட்டினார்.

"அவட காணி. அவட்டக் கேளுங்க. நான் இங்க குடியிருக்க வந்தவன்."

சுனாமிக்குப் பிறகு கடற்கரையில் வீடு கட்டிக் கொடுக்க வந்தவர் அவர். சண்டை முடிந்த பிறகும் ஊருக்குப் போகாமல் நின்றுவிட்டார். தமிழ் கொஞ்சம் வரும். கையில் ஒரு தட்டு வைத்திருந்தார். சோற்றுத் தட்டைவிடச் சின்னது, விளிம்பு மட்டும் தடிப்பு.

"அம்மா, உங்கட மரம் வேணும்."

"என்னத்துக்கு, விறகுக்கா?"

"இல்ல, இல்ல. மரம் நிக்கட்டும். நாங்க எறிவம்."

மரத்துக்கு எறிவதென்றால் மாங்காய்க்குக் கல்லெறிவதைத்தான் நான் கண்டிருக்கிறேன். எறிந்து காட்டச் சொன்னேன். தட்டு நேரே போனது. விளாத்தி மரத்தை நெருங்கியதும் யாரோ கூப்பிட்டது போல இடப்பக்கம் கிறுகி, மரத்தைச் சுற்றிக்கொண்டு புதர் மண்டிய பற்றைக்குள் விழுந்தது. எனக்கு வாய் மூடவில்லை. அவர் ஒரு யோசனையும் இல்லாமல் பற்றைக்குள் நடந்துபோய் அதை எடுத்துக்கொண்டு வந்தார்.

அதைத்தான் நான் கூடுதலாகப் பார்த்தேன். அந்தப் பற்றைக்குள் எங்கள் ஆட்கள் கால் வைத்துப் பல காலம்.

சண்டைக்குள் நாங்கள் எல்லாரும் எழும்பி ஓடினோம். திரும்பி வந்தபோது காணி முழுக்கச் சிவப்புத் தடிகள் நின்றன. மிதிவெடி எடுக்கிறவர்கள் வந்து, முழங்காலில் இருந்து மண்ணைச் சுரண்டிச் சுரண்டிப் பார்த்து, தடிகளைப் பிடுங்கி, இனிப் பயமில்லை என்று காணியைத் தந்துவிட்டுப் போனார்கள். பயம் போகவில்லை. மாடு கூட ஒற்றையடிப் பாதையை விட்டு இறங்காது என்று ஊரில் பகிடி சொல்வார்கள்.

என் மகள் வாவிக்கு அந்தப் பக்கம், எழுவான்கரையில், கடலுக்குக் கிட்ட வாழ்ந்தவள். சுனாமி அவளின் வீட்டை அத்திவாரத்தோடு கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகு தகரக் கொட்டிலிலே பிள்ளைகளோடு கிடந்தாள். காணியைத் தந்துவிட்டார்கள், வந்து வீடு கட்டு என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்.

"அம்மா, கடல் ஒருக்கா வீட்டக் கொண்டு போயிட்டு. இனி நிலத்துக்கும் பயந்து சீவிக்க ஏலா" என்பாள்.

பெற்ற பெண்ணுக்கு வீடு கொடுக்காத தாய் என்று என்னை யாரும் சொல்லக்கூடாது. இந்த மனிதரோ பற்றைக்குள் சும்மா நடக்கிறார். இப்படி நாலு பேர் நடந்தால் மகளுக்கும் பயம் தெளியும், விளையாடட்டும் என்று ஓம் சொன்னேன்.

அவர் இடம் பார்க்க வந்த நாட்களில் நானும் கூடவே நடந்தேன், அவரின் அடிக்குமேல் அடி வைத்து. விளையாட்டுத் திடல் என்றால் புல்டோசர் விட்டு வெட்டவெளியாக்குவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் ஒரு கொப்பைக்கூட முறிக்கவில்லை. இங்கே நின்று எறிய வேண்டும், அங்கே சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை நிற்கும், குறைந்த தரம் எறிந்து தட்டைக் கூடைக்குள் போட்டவர் வென்றார். விளையாட்டு அவ்வளவுதான். ஆனால் கூடை எங்கே நிற்பது என்பதற்கு அவர் பட்ட பாடு! இரண்டு பாலை மரத்துக்கு நடுவே வைத்துப் பார்ப்பார், பிறகு தலையை ஆட்டுவார்.

"ஏன், அதில என்ன குறை?"

"லேசு, அம்மா. லேசெண்டா சலிக்கும். கஷ்டமெண்டா கோவம் வரும். நடுவில வேணும்."

குசினியில் சமைப்பதும் அப்படித்தானே என்று நினைத்துக்கொண்டேன். வாவி ஓரத்தில் ஒரு கூடை, கச்சான் காற்று வந்து தட்டை இழுக்கட்டும் என்று. புதிதாகப் பழகுகிறவர்களுக்குக் கிட்டக் கிட்ட இரண்டு. கிணற்றுக்குத் தண்ணீருக்குப் போகிற பாதைக்குக் குறுக்கே ஒன்றுமில்லை. அதை நான் கேட்கமுதல் அவரே சொன்னார். கூடைகளைச் சந்தியில் உள்ள வெல்டிங் பட்டறையில் பழைய சைக்கிள் றிம்மில் செய்வித்தார்.

கூடை வர முதல் அடையாளத்துக்கு மரங்களில் நாடா கட்டினார். சிவப்பு நாடா.

அடுத்த நாள் காலை றோட்டில் சனம் கூடி நின்றது. என் சம்பந்தி, மருமகனின் தாய், தோணியேறி இந்தக் கரைக்கே வந்துவிட்டா.

"பாத்தீங்களா! திரும்பவும் வெடி கண்டுபிடிச்சிருக்காங்களாம். இந்தக் காணியிலயா என்ட மகன் குடியிருக்கிற?"

"ஆரு சொன்ன?"

"மரம் சொல்லுதே, சிவப்புச் சிவப்பா!"

வெள்ளைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் சுருங்கி, ஓடி ஓடி நாடாவை அவிழ்த்தார். வேறு நிறம் கட்டுவோம் என்றார். அதற்கு றோட்டிலே ஒரு கூட்டமே நடந்தது. மஞ்சள் கட்டினால் அம்மனுக்கு நேர்ந்த மரம், ஒருவரும் எறியமாட்டார்கள். வெள்ளை கட்டினால் யார் செத்தது என்று கேட்டு வருவார்கள். கடைசியில் பக்கத்து வளவுக்காரி, எனக்கு மச்சாள் முறை, வாவியில் இறால் பிடிக்கிறவள், பிய்ந்த வலையின் நீலக் கயிற்றைக் கொண்டுவந்து போட்டாள்.

"நீலத்துக்கு ஒரு சாமியும் இல்ல, ஒரு சாவும் இல்ல. கட்டுங்க."

கட்டினார்கள். ஆனால் வெடி கிடக்குதென்று ஊருக்குள் போன கதை போனதுதான். மகளுக்கும் அது எட்டிவிட்டது. இனி அந்தக் காணியைப் பற்றிப் பேசவேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள்.

அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. கூடைகள் நட்ட அன்று மகளையும் சம்பந்தியையும் வரச் சொன்னேன். எல்லாரும் றோட்டிலேயே நின்றார்கள். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தட்டை வாங்கி எறிந்தேன். அது காலடியில் உருண்டு பற்றைக்குள் போனது. நான் இறங்கிப் போய் எடுத்தேன். திரும்ப எறிந்தேன். மரத்தில் பட்டு எனக்கே திரும்பி வந்தது.

"மச்சாள், நீ எறியிறது ரொட்டி பிரட்டுற மாதிரிக் கிடக்கு! கொண்டா இங்க!" என்று இறால்காரி பாய்ந்து வந்து பறித்தாள். வலை வீசுகிற கை அல்லவா, தட்டு சீறிக்கொண்டு போய்க் கூடைக்கு அங்கால், நல்ல அடர்ந்த பற்றைக்குள் விழுந்தது. "ஐயோ, கிட்டத்தான் போச்சு!" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினாள். நடுப் பற்றைக்குள் போய் நின்ற பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று அவளுக்கு நினைவு வந்தது. குனிந்து காலைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். பிறகு தட்டை எடுத்துத் தலைக்கு மேல் ஆட்டினாள்.

சனம் சிரித்த சிரிப்பு! அதற்குப் பிறகு யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. பின்னேரங்களில் வேளாண்மை வேலை முடித்த பெண்கள் வந்தார்கள். காத்தான்குடியிலிருந்து துணி விற்க வருகிறவர் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு எறிந்து பார்த்தார், பிறகு தன் மச்சான்மாரையும் கூட்டிக்கொண்டு வந்தார். கால் பட்டுப் பட்டுப் பற்றைக்குள் புதுப்புதுத் தடங்கள் விழுந்தன.

மகள் எறியவில்லை. வருவாள், றோட்டோரம் நிற்பாள், போவாள். ஒரு நாள் பார்த்தால் தடத்தில் நிற்கிறாள். இன்னொரு நாள் விளாத்தி மரத்தடியில். பிறகு ஒரு பின்னேரம், ஆட்கள் எறிந்துகொண்டிருக்கும்போதே நேரே பாலை மரத்தடிக் கூடைக்குப் போய், அதைப் பிடித்துக்கொண்டு நின்று வெள்ளைக்காரரைக் கூப்பிட்டாள்.

"இந்தக் கூடைய அங்கால தள்ளுங்க."

"ஏன் தங்கச்சி? இது நல்ல இடம்."

"எனக்கும் நல்ல இடம்தான். இதில என்ட குசினி வருது."

அவர் என்னைப் பார்த்தார்.

"அவட காணி," என்றேன். "அவட்டக் கேளுங்க."