மாடிப்படியில் பார்த்த இருதய வைத்தியம்

ஆவணியில் எனக்குக் கல்யாணம். ஆடி முடிவதற்குள் செத்துவிடுவேன் என்று நானே முடிவு செய்திருந்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசி. தென்காசி ஜவுளிக்கடை ஒன்றில் துணி கிழிக்கும் வேலை. ஆனிச் சாரலில் குற்றாலம் போய், பேரருவிக்கடியில் எண்ணெய்த் தலைகளுக்கு நடுவே நின்றேன். திடீரென்று மூச்சு முட்டியது. நெஞ்சுக்குள் யாரோ நெல் குத்தினார்கள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினேன். இடுப்புத் துண்டு என்னோடு வரவில்லை என்பதை பஸ் நிற்கிற இடத்தில் ஒரு கண்டக்டர்தான் சொன்னார்.

அதன்பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை அதே படபடப்பு. வெளியே சொல்ல முடியுமா? எங்கள் பக்கத்தில் ஒரு ஆம்பளை 'பயமாருக்கு' என்றால், புத்தி பிசகிவிட்டது என்று கொண்டுபோய் அருவிக்கடியில் நிறுத்திவிடுவார்கள். சங்கிலியோடு நின்றவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆகவே கௌரவமாக இருதய நோய் என்று வைத்துக்கொண்டேன். அதோடு விட்டேனா? பாவூர்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருந்த, எனக்கு நிச்சயித்த பெண்ணின் அப்பாவுக்கு, 'எனக்கு இருதயம் பலவீனம். தங்கள் மகளை வேறு இடத்தில் கொடுத்து வாழவையுங்கள்' என்று கார்டு போட்டேன். என் தியாகத்தை நினைத்து எனக்கே அழுகை வந்தது. தபால்காரரும் படித்துவிட்டு அழுதிருப்பார்.

இரண்டு நாள் கழித்து, இன்னும் எத்தனை நாள் பாக்கி என்று கேட்க டாக்டரிடம் போனேன். ஊருக்குப் புதியவர், என்னைவிட இளையவர். குழல் வைத்துக் கேட்டார், நாடி பிடித்தார்.

"எப்பல்லாம் வருது? தூக்கம் உண்டா? மனசுல என்ன ஓடுது?"

அதுவரை யாரும் கேட்காத கேள்வி. கல்யாணம் ஆகி, பிள்ளை பிறந்து, அது பள்ளிக்கூடத்தில் பெயிலாவது வரைக்கும் என் கவலைகளைச் சொன்னேன்.

"மாடிப்படில பத்து தடவ ஏறி எறங்குங்க."

"செத்துருவேன் சார்."

"நானும் கூட வாரேன். செத்தா பிடிச்சுக்கிடுதேன்."

ஏழாவது தடவை நெஞ்சு நெல் குத்தியது.

"இதே படபடப்பா?"

"இதேதான் சார்."

"இப்ப என்ன ஆச்சு?"

யோசித்துப் பார்த்தேன். "வேர்க்குது சார்."

என் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்தார். அது என்னுடையதைவிட வேகமாக அடித்தது.

"ஒங்க இருதயம் நல்லாருக்கு. இது பயம். ஜொரம் மாதிரி இதுவும் ஒரு சீக்கு, பைத்தியம் இல்ல. வந்தா ஓடாதீங்க. மெதுவா மூச்ச விட்டுக்கிட்டு நில்லுங்க, அதுவா எறங்கும். வாரா வாரம் வந்து சொல்லுங்க."

மருந்து கேட்டேன். காப்பியைக் குறைக்கச் சொன்னார்.

சாகமாட்டேன் என்ற சந்தோஷத்தில் தெருவில் பாதி தூரம் குதித்துப் போனபிறகுதான் கார்டு ஞாபகம் வந்தது. கிடைத்த பஸ்ஸில் தொற்றினேன். வழியில் படபடப்பும் வந்து ஏறிக்கொண்டது. இறங்கி ஓடாமல் கம்பியைப் பிடித்தபடி மூச்சை விட்டேன். பாவூர்சத்திரம் வருவதற்குள் அது அடங்கிவிட்டது.

கத்தரிக்காய் மூட்டைகளுக்கு நடுவே மாமா உட்கார்ந்திருந்தார். சட்டைப்பையில் என் கார்டு.

"என்ன மாப்ளே, சாகப்போறேன்னு எழுதிட்டு இந்த ஓட்டம் ஓடி வாரீரு?"

"இருதயம் இல்ல மாமா, வெறும் பயமாம். டாக்டரு சொல்லுதாரு." அருவி முதல் மாடிப்படி வரை ஒன்று விடாமல் சொன்னேன். பொண்ணு இல்லை என்று சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன்.

மூட்டை தூக்குகிறவர்களை, "அங்கன போயி வேலையப் பாருங்கலே" என்று விரட்டினார். குரலைத் தணித்தார்.

"ஏலம் கூற நிக்கையில நாக்கு ஒட்டிக்கிட்டு, கை வெறச்சுப் போவுமே, அதுவும் இதானா வே?"

"இருக்கும் மாமா."

கார்டை நாலாகக் கிழித்து அழுகல் கூடையில் போட்டார். "கல்யாணம் ஆவணியிலதான். அந்த டாக்டரு சாயங்காலம் இருப்பாரா?"

கடையைக் கணக்குப்பிள்ளையிடம் விட்டுவிட்டு என்னோடு தென்காசிக்குப் புறப்பட்டார். பஸ் படியில் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை ஜில்லென்றிருந்தது.