மாம்பழ சென்ட்டும் பென்சில் சென்ட்டும்

கணவரைப் பிரிந்து ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டோடு வந்துவிட்ட அத்தை, ஒரு சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு மலைக்கோட்டைக்கு சென்ட் வாங்கப் போனாள். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. அத்தை வேலைக்குப் போகத் தொடங்கிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. எனக்கும் அம்மாவுக்கும் ஏதாவது வாங்கி வருவாளே தவிர, தனக்கென்று எதையும் வாங்கி நான் பார்த்ததில்லை.

கடைக்காரர் அவளுடைய இடது மணிக்கட்டில் ஒன்றும் வலது மணிக்கட்டில் ஒன்றுமாக அடித்துக் காட்டினார். இரண்டிலும் பழமும் இருந்தது, மரமும் இருந்தது. இடது கையில் சந்தனக் கிண்ணத்துக்குள் மாம்பழத்தை அரிந்து போட்ட மாதிரி வாசனை. வலது கையில், பென்சில் சீவிய டப்பாவில் ஆப்பிளை வைத்து மூடியது போல.

"மாம்பழம்தான் அத்தை!" என்று உடனே தீர்ப்புச் சொன்னேன்.

"அவசரப்படாதீங்க பாப்பா. பழ வாசனை முதல்ல போயிடும், மர வாசனைதான் நிக்கும். கொஞ்சம் சுத்திட்டு வாங்க" என்றார் கடைக்காரர்.

தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு ஜூஸ் கடைக்குள் நுழைந்தோம். அங்கே அத்தையின் ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு மாமா உட்கார்ந்திருந்தார். "அட, நீங்களா!" என்றாள் அத்தை. அவர் மேஜையில் ஏற்கெனவே மூன்று கிளாஸ் சாத்துக்குடி ஜூஸ் இருந்ததை எங்கள் அதிர்ஷ்டம் என்றே நினைத்தேன்.

அத்தை இரண்டு கைகளையும் நீட்டினாள். அவர் குனிந்து நெடுநேரம் முகர்ந்தார்.

"ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு."

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "எது மாம்பழம்? சொல்லுங்க பார்ப்போம்."

அவர் மூக்கை உறிஞ்சினார். "எனக்கு நேத்துலேர்ந்து ஜலதோஷம் பாப்பா. ஒண்ணுமே தெரியல."

அத்தை வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நிறுத்தவில்லை.

"என்னை எதுக்குங்க கேக்கறீங்க? உங்களுக்கு எது பிடிக்குது?" என்றார் அவர்.

"எனக்கா?" என்றாள் அத்தை, கேள்வி புரியாதவள் போல. பிறகு கண்ணை மூடி, ஒவ்வொரு கையாக முகர்ந்து பார்த்தாள். "இது" என்று வலது கையைத் தூக்கினாள். போயும் போயும் பென்சில்! கடைக்குத் திரும்பிப் போய் அதையே வாங்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் முறையிட்டேன். "ஜூஸ் கடையில ஒரு மாமாகிட்டப் போய் அத்தை கேட்டாங்கப்பா. அவருக்கு ஜலதோஷம். மாம்பழம்கூடத் தெரியல!"

அத்தை தலைகுனிந்து நின்றாள். அப்பா அவளையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஜலதோஷம்தானே, சரியாப் போயிடும். நாளைக்கு அவரைச் சாப்பிட வரச் சொல்லும்மா" என்றார் அத்தையிடம்.

அம்மாவின் மிளகு ரசத்தில் எந்த ஜலதோஷமும் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். அதற்காகத்தான் கூப்பிடுகிறார் என்று எண்ணிக்கொண்டேன். ஒரு ரசத்துக்குப் போய் அத்தை ஏன் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள் என்பதுதான் விளங்கவில்லை.