நல்லாயன்குளத்துக் கண்ணாடி மண்டபம்

ஜெமிமாவுக்கு ஒரு கட்டடம் பிடிக்காவிட்டால் முகத்தில் தெரியாது. வயிற்றில்தான் தெரியும். பெருமாள்புரத்தில் ஒருவர், அவள் வரைந்து கொடுத்த முகப்பை ஒதுக்கிவிட்டு ஃபைபரில் ரோமாபுரித் தூண்கள் வாங்கி ஒட்டிக்கொண்டார். புதுவீட்டுப் பால்காய்ப்புக்குப் போனவள் ஒரு தூணை விரலால் தட்டிப் பார்த்தாள். உள்ளே ஒன்றுமில்லை, தகர டப்பா மாதிரி சத்தம் வந்தது. வீட்டுக்காரர் பக்கத்தில் பெருமையாக நின்று சிரித்தார். இலையில் வைத்த கேசரி ஜெமிமாவுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. பின்கட்டுக்குப் போய் வாந்தி எடுத்துவிட்டு, பித்தம் என்று சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

பாளையங்கோட்டை சமாதானபுரத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் அவள் அலுவலகம் இருந்தது. திருச்சியில் கட்டடக்கலை படித்தவள். கூடப் படித்தவர்கள் சென்னைக்கும் துபாய்க்கும் போனபோது அவள் ஊருக்குத் திரும்பி, கணக்கு வாத்தியார் பாக்கியசீலனைக் கட்டிக்கொண்டாள். வீடு கட்ட வருகிறவர்கள் செல்போனில் ஒரு படத்தோடு வருவார்கள். "இத அப்படியே கெட்டணும் மேடம்" என்பார்கள். படம் ஹைதராபாத்தில் எடுத்ததாக இருக்கும், இல்லாவிட்டால் சீனாவில். "ஒங்க மனைக்குப் பக்கத்துல என்ன இருக்கு?" என்று கேட்பாள் ஜெமிமா. அவள் எப்போதும் முதலில் கேட்பது இதைத்தான். பாதிப் பேருக்கு உடனே பதில் வராது.

அவள் அம்மா பிறந்த ஊர் நல்லாயன்குளம், திருச்செந்தூர் போகிற சாலையில் இருக்கிறது. வெள்ளைக்காரப் பாதிரிமார் காலத்துக் கோயில் அங்கே உண்டு. கனத்த சுண்ணாம்புச் சுவர், பனங்கை போட்ட ஓட்டுக்கூரை, சுற்றி வராந்தா. மேற்கு வாசலைத் திறந்து வைத்தால் ஆனி ஆடியில் மேல்காற்று உள்ளே புகுந்து பாட்டுப் புத்தகங்களைப் புரட்டும். கோயிலுக்குக் கிழக்கே கல்லறைத் தோட்டம். மேற்கே, கோயிலுக்கும் சாலைக்கும் நடுவே, வாகை மரங்கள் நின்ற காலிமனை. அந்த மனையில்தான் கல்யாண மண்டபம் கட்ட சபை தீர்மானித்தது. கமிட்டித் தலைவர் ஞானையா உரக்கடை வைத்திருப்பவர், ஜெமிமாவுக்குத் தாய்மாமன் முறை. "வெளியாளு எதுக்கு? நம்ம பிள்ள வரஞ்சி தரட்டும்" என்று கூட்டத்தில் சொன்னவரும் அவர்தான்.

ஜெமிமாவுக்குச் சந்தோஷத்தில் பசியே எடுக்கவில்லை. காலையிலும் மாலையிலும் அந்த மனைக்குப் போய் உட்கார்ந்திருந்தாள். நிழல் எங்கே விழுகிறது, காற்று எந்த வழியாகப் போகிறது என்று பார்த்தாள். பிறகு மண்டபத்தை இரண்டாகப் பிரித்து வரைந்தாள். நடுவில் கூரை மட்டும் போட்ட ஓர் அகலமான வழி. சாலையில் நின்று பார்த்தால் அந்த வழியினூடே கோயில் வாசல் தெரியும். மேல்காற்றும் அதன் வழியாகவே கோயிலுக்குப் போகும். மண்டபக் கூரை, கோயில் கூரை விளிம்பின் இறவாணத்தைவிடத் தாழ்வாக இருந்தது. மரங்கள் நின்ற இடத்திலேயே நின்றன. சமையற்கட்டைத் தெற்கு ஓரத்தில், புகை கோயில் பக்கம் வராதபடி தள்ளி வைத்திருந்தாள்.

கமிட்டியில் அட்டையில் செய்த மாதிரியை வைத்துக் காட்டினாள். ஞானையா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"கோயில்ல இருக்க மாதிரி வளைவு ஒண்ணும் வைக்கலியேம்மா?"

"வேண்டாம் மாமா. கோயில் கோயிலா இருக்கட்டும். இது அது மாதிரி வேசம் போட வேண்டாம். பக்கத்துல பைய உக்காந்திருந்தா போதும்."

எல்லாரும் தலையாட்டினார்கள். குருவானவர் ஜெபம் பண்ணினார். வேலையும் தொடங்கியது.

அஸ்திவாரம் எழும்பி முடிந்த நேரத்தில் ஜெமிமாவின் அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியும் வீடுமாக ஜெமிமாவுக்கு மாதங்கள் ஓடின. போனில் கேட்டபோதெல்லாம், "நீ போட்ட கோட்டுலதாம்மா போகுது, அம்மையப் பாரு" என்றார் ஞானையா.

அம்மா ஊன்றுகோலோடு நடக்க ஆரம்பித்த பிறகு ஒருநாள் ஜெமிமா பஸ் ஏறிப் போனாள். ஊருக்கு முந்தின திருப்பத்திலேயே நீலமாக ஏதோ கண்ணைக் குத்தியது. இறங்கிப் பார்த்தாள். மண்டபம் கோயில் கோபுரத்தின் பாதி உயரத்துக்கு எழும்பி நின்றது. நாலு பக்கமும் நீலக் கண்ணாடி. உச்சியில் பொன்வண்ணத் தகட்டில் சிலுவை, அதைச் சுற்றிப் பல நிறத்தில் விளக்குப் பட்டை. கோயில் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. வாகை மரங்கள் நின்ற இடத்தில் சிமெண்டுக் கல் பாவியிருந்தார்கள்.

ஞானையா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"மரத்த எங்க மாமா?"

"எல உதிந்து ஒரே குப்ப. வெட்டியாச்சி."

"நடுவுல விட்டிருந்த வழி?"

"அதுல மணமக்க ரூமு போட்டிருக்கு, ஏசியோட. வெறுங்காத்து போக யாராவது எடத்த விடுவாவளா?"

"கோயிலே தெரியலியே."

"மண்டபம் தெரியுதுல்லா! ரோட்டுல போறவன் திரும்பிப் பாத்துட்டுத்தான போறான்."

"பாப்பான் மாமா. ரோட்டுல நாய் அடிபட்டுக் கெடந்தாலுந்தான் திரும்பிப் பாப்பான்."

ஞானையாவின் முகம் கறுத்தது. எழுந்து உள்ளே போய்விட்டார்.

வாசல் சுவரில் திறப்புவிழாக் கல்வெட்டைப் பதித்து முடித்திருந்தார்கள். கமிட்டிக்காரர்கள் பெயருக்குக் கீழே 'வடிவமைப்பு: ஜெமிமா பாக்கியசீலன்' என்று இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு, அடுத்தவர் எச்சில் துப்பிய தம்ளரில் தன் பெயரை வெட்டி வைத்த மாதிரி இருந்தது. தரை பாவிக்கொண்டிருந்தவர்களிடம் உளியும் சுத்தியலும் வாங்கினாள். பட்டப்பகலில், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, தன் பெயரை எழுத்தெழுத்தாகக் கொத்தி எடுத்தாள். சத்தம் கேட்டு ஊர் கூடியது.

"பேர அழிக்கது பாவம் பிள்ளா" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

"பொய்ய எழுதி வைக்கதுதான் பாவம்" என்று சொல்லிக்கொண்டே கடைசி எழுத்தையும் கொத்தினாள். கையில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. பாக்கியசீலனைக் கொத்தும்போது மட்டும் கொஞ்சம் தயங்கியதாகப் பிற்பாடு அவனிடமே சொன்னாள்.

திறப்புவிழாவுக்குப் போகவில்லை. ஊர்க்காரர்களோடு பேச்சு நின்றுபோனது. ஆனால் அறுப்பின் பண்டிகைக்குத் தன் சொந்தக் கோயிலுக்குப் போயே ஆக வேண்டும் என்று அம்மா அடம்பிடித்தாள். ஊன்றுகோலோடு அவ்வளவு தூரம் நடக்க முடியாது. வேறு வழியில்லாமல் ஜெமிமா அவளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனாள்.

காலை வெயில் மண்டபத்தின் கிழக்குக் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, கோயிலின் மேற்கு வாசல் வழியாக உள்ளே பாய்ந்தது. வாசலுக்கு நேரே நின்ற பெஞ்சுகளை விட்டுச் சனங்கள் ஓரங்களில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வரிசையாகத் தொங்கிய புது மின்விசிறிகளின் இரைச்சலில் பிரசங்கம் காதில் விழவில்லை. மண்டபத்து ஏசிப் பெட்டிகள் எல்லாம் கோயில் வராந்தாவைப் பார்த்து வைத்திருந்ததால் வெக்கை நேரே உள்ளே வந்தது. கீழே சொட்டிய தண்ணீரில் பாசி பிடித்து வராந்தா வழுக்கியது. கண்ணாடியில் வானம் தெரிவதை நம்பிப் பறந்து வந்து மோதிய மைனா ஒன்று எறும்பு மொய்த்துக் கிடந்தது. திருவிருந்துக்குக் குருவானவர் கிண்ணத்தைத் தூக்கிய நேரத்தில், கோயில் பக்கமாகவே கட்டியிருந்த சமையற்கட்டின் விசிறி ஆட்டுக்கறி வேகிற கொழுப்பு வாடையைக் கோயிலுக்குள் தள்ளியது. யாரோ ஒரு பெரியவர் முந்தின இரவு சாப்பிட்டது நினைவுக்கு வந்ததுபோல ஏப்பம் விட்டார்.

"ஏட்டி, என்ன வெளிய தள்ளிட்டுப் போ" என்றாள் அம்மா.

கிழக்கே கல்லறைத் தோட்டத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள். அது இன்னும் மோசமாக இருந்தது. மண்டபத்துக் கழிவுநீர் ஒரு குழாய் வழியாக அங்கே வந்து தேங்கியிருந்தது. சோறு, இலைத் துண்டு, எண்ணெய்ப் படலம். நாய்கள் எலும்பைக் கல்லறைகள் மேல் இழுத்துப் போட்டிருந்தன. ஜெமிமா மூக்கைப் பொத்திக்கொண்டாள். அம்மா பொத்தவில்லை. தன் அப்பாவின் கல்லறை இருக்கும் திசையைப் பார்த்தபடி இருந்தாள்.

மறு வாரம் கிரேஸ் வந்தாள். சித்தி மகள், பாடகர் குழுவில் இருப்பவள். "கமிட்டிக்கு ஒங்கிட்ட கேக்க வெக்கம். என்ன அனுப்பியிருக்காவ. ஏதாவது செஞ்சி குடுக்கா."

"முடியாது. அங்கன காலு வச்சாலே கொமட்டுது."

"எங்கப்பா கல்லற மேல எலும்பு கெடக்குக்கா" என்று சொல்லி கிரேஸ் அழுதாள்.

ஜெமிமா போனாள். சமையற்கட்டை இடித்துத் தெற்கு ஓரத்துக்கு மாற்ற வேண்டும், கழிவுநீருக்குத் தனிக் குழி வேண்டும், ஏசிப் பெட்டிகளைச் சாலைப் பக்கம் திருப்ப வேண்டும், நடு வழியைத் திறக்க வேண்டும், கிழக்குக் கண்ணாடியைக் கழற்ற வேண்டும் என்றாள். கமிட்டி முதல் மூன்றுக்குச் சம்மதித்தது. நடு வழியைப் பற்றிப் பேசக்கூட விடவில்லை. கண்ணாடியைக் கழற்றுவதற்குப் பதில், கமிட்டிக்காரர்கள் கைகூப்பி நிற்கிற ஒரு பெரிய ஃபிளக்ஸை அதன்மேல் கட்டினார்கள். கண்கூச்சம் நின்றது. ஆனால் கோயிலை விட்டு வெளியே வருகிறவர் முதலில் பார்ப்பது ஞானையாவின் பற்களைத்தான்.

புதுச் சமையற்கட்டைத் தாழ்ந்த ஓட்டுக்கூரை போட்டு, காற்று ஊடே போகும்படி இடைவெளி விட்டு அடுக்கிய செங்கல் சுவரோடு கட்டினாள். கோயிலின் சுண்ணாம்பு நிறமே அதற்கும். தூரத்தில் நின்று பார்த்தால் அது எப்போதும் அங்கே இருந்த மாதிரி இருந்தது. சமையல்காரர்கள் உள்ளே குளிர்ச்சியாக இருக்கிறது என்றார்கள். வாடை கோயிலுக்குப் போவது நின்றது, கல்லறைத் தோட்டம் காய்ந்தது. கிரேஸ் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். ஜெமிமாவுக்கு ஒரு நிறைவும் வரவில்லை. குடித்துவிட்டு வந்த ஆள் எடுத்த வாந்தியைக் கழுவிவிட்டு நிமிர்ந்த மாதிரிதான் இருந்தது.

சில மாதம் கழித்துப் பக்கத்து ஊர்ச் சபையிலிருந்து ஆட்கள் அவள் அலுவலகத்துக்கு வந்தார்கள். அவர்களுக்கும் மண்டபம் வேண்டும். செல்போனை நீட்டினார்கள். நல்லாயன்குளத்து நீலக் கண்ணாடி.

"இது நீங்க கெட்டுனதுன்னு சொன்னாவ. அப்படியே வேணும்."

"மொதல்ல அந்தக் கோயிலுக்குள்ள ஒரு ஞாயித்துக்கெழம உக்காந்து பாத்துட்டு வாங்க" என்றாள். அவர்கள் திரும்பி வரவில்லை. வேறொரு இன்ஜினீயரைப் பிடித்தார்கள். இப்போது அந்த ஊரிலும் அது மின்னுகிறது, பச்சை நிறத்தில்.

சாப்பிடும்போது பாக்கியசீலனிடம் சொன்னாள். அவன் சோற்றைப் பிசைந்தபடி, "இவ்வளவு அருவருப்பா இருந்தா எதுக்கு ஜெமி இங்கன கெடந்து கஷ்டப்படுத? பெங்களூர்ல ஒன் கூடப் படிச்சவ கூப்பிடுதால்லா" என்றான்.

"நானும் போயிட்டா, இதப் பாத்து மொகஞ்சுளிக்கக்கூட இங்கன ஆளிருக்காதே" என்றாள்.

மறுநாள் மேலப்பாளையத்தில் ஒரு மனை பார்க்கப் போனாள். இரண்டு பழைய வீடுகளுக்கு நடுவே விழுந்துபோன வீடு ஒன்றின் இடம். வீடு கட்டப்போகிற நஃபீஸத் முக்காட்டை இழுத்துவிட்டபடி வெளியே வந்தாள். கையில் செல்போன் இல்லை. பக்கத்து வீட்டுச் சுவரில் உயரத்தில் இருந்த ஒரு சின்னச் சன்னலைக் காட்டினாள்.

"அந்த வீட்டு லாத்தா அங்கன உக்காந்துதான் குர்ஆன் ஓதுவாவ. அவியளுக்கு வெளிச்சம் மறையாம கெட்ட முடியுமா?"

ஜெமிமா கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து ஒரு முனையை அவளிடம் கொடுத்தாள்.