பெரிய சிலுவைக்கு வலப்பக்கம், மூன்றாவது

நவம்பர் முதலாம் திகதி காலை ஆறு பத்துக்கு எங்கள் பஸ் மன்னார்த் தாம்போதியில் ஏறியது. முதலில் கண்ணில் பட்டது ஒரு சிலுவை. முன்னால் போன மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில், ஓட்டியவரின் முதுகோடு சேர்த்துக் கயிற்றால் கட்டிய மூன்றடி மரச் சிலுவை. புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். பெயின்ற் காயவில்லை என்பது அவருடைய சேர்ட்டில் தெரிந்தது: முதுகுக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. இரு புறமும் கலங்கிய ஆழமில்லாத கடல். மூன்று கிலோமீற்றரும் பஸ் அந்தச் சிலுவைக்குப் பின்னாலேயே மெதுவாகப் போனது. சாரதி ஒரு முறைகூட ஹோர்ன் அடிக்கவில்லை. கொழும்பிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் வந்திருந்தோம். அதுவரை அவர் கை ஹோர்னை விட்டு விலகியதே இல்லை.

மறுநாள் சகல ஆத்துமாக்கள் திருநாள். கத்தோலிக்கர்கள் தங்கள் இறந்தவர்களின் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றும் நாள். மன்னாரில் அந்த மாலை எப்படியிருக்கும் என்று பார்த்து எழுதவே இரண்டு நாள் லீவில் வந்திருந்தேன். பள்ளிமுனையில் ஒரு வீட்டில் அறை உண்டு, சாப்பாடும் தருவார்கள் என்று கந்தோரில் என்னுடன் வேலை செய்த ஒருவர் சொல்லியிருந்தார். நாளுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபா.

பஸ் நிலையத்திலிருந்து பள்ளிமுனைக்கு ஓட்டோவில் முந்நூறு. ஓட்டியவர் பெயர் நிசாம், எருக்கலம்பிட்டிக்காரர். எதற்கு வந்தேன் என்று கேட்டார். சொன்னேன்.

"அப்ப மையத்துப் பாக்க வந்திருக்கிறீங்கள்," என்று இறந்தவர்களைச் சொல்லிச் சிரித்தார். "எங்கட கதையையும் எழுதுங்கோ. தொண்ணூறில எங்கட சனத்தை வெளியேத்தேக்க ஊரை விட்டுப் புத்தளம் போனம். வாப்பா அங்க மௌத்து. உம்மா திரும்பி வந்து இங்க மௌத்து. உசிரோட இருக்கேக்க ரெண்டு பேரும் ஒரு ராப்பொழுது பிரிஞ்சிருக்கயில்ல. இப்ப ஒராள் புத்தளத்தில, ஒராள் எருக்கலம்பிட்டியில. நடுவில நான் ஓடித் திரியிறன்."

"அடிக்கடி போவீர்களா?"

"பெருநாளைக்குப் போவன். போகாட்டி உம்மா கனவில வந்து ஏசுவா."

ஏழு மணிக்கு வீட்டை அடைந்தேன். வாசலில் தராசு தொங்கியது. வீட்டுக்காரி ஜெசிந்தாவுக்கு நாற்பத்தாறு வயது. மீனவர்கள் கொண்டுவரும் நண்டுகளை நிறுத்து, பத்து மணி லொறிக்கு ஐஸ் பெட்டியில் அடுக்கிக் கொடுப்பது அவருடைய தொழில். கணவர் லீனஸ் கடலுக்குப் போயிருந்தார். மூத்த மகள் பெனிற்றாவுக்குப் பதினேழு வயது, இளையவள் ஷாமினிக்கு ஒன்பது.

"வாங்கோ அக்கா, வாங்கோ. பஸ்ஸில நித்திரை கொண்டனீங்களோ? முகத்தைக் கழுவுங்கோ, பிட்டு அவியுது." இதைச் சொல்லும்போதே அவர் ஒரு கையால் நண்டின் காலைக் கட்டிக்கொண்டிருந்தார். மறு கை ஷாமினியின் பின்னலைப் பிடித்திருந்தது. நண்டும் ஷாமினியும் ஒரே அளவு துள்ளினார்கள்.

"அம்மா, கையில நண்டு மணக்குது. பள்ளிக்கூடத்தில சிரிப்பினம்."

"சிரிக்கிறவையின்ர அம்மாமாரும் நண்டுதான் கட்டுகினம். தலையை ஆட்டாத."

பிட்டும் திருக்கை வறையும் சொதியும் சாப்பிட்டேன். அந்த ஒரு மணி நேரத்தில் ஜெசிந்தா பதினாறு கிலோ நண்டு நிறுத்தார், ஒரு சப்பாத்தைத் தேடியெடுத்தார், பெனிற்றாவின் கணக்குக் கொப்பியில் சிந்திய தேநீரைத் துடைத்தார், என்னிடம் சொதிக்கு உப்புக் காணுமா என்று இரண்டு தரம் கேட்டார். ஒரு தரமும் குரல் உயரவில்லை.

பத்தரைக்கு லொறி போனபின், ஒரு வாளி, விளக்குமாறு, நீல பெயின்ற் ரின்னுடன் புறப்பட்டோம். நீலம் லீனஸின் படகுக்கு அடித்து மிஞ்சியது. பாடசாலைக்கு விடுமுறை எடுத்துக்கொண்டு பெனிற்றாவும் வந்தாள். ஷாமினிக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

இங்கே கத்தோலிக்கரின் இடுகாட்டைச் சேமக்காலை என்கிறார்கள். வீட்டிலிருந்து நடக்கும் தூரம். முழுவதும் கடல்மணல். வாடைக்காற்றும் கச்சான் காற்றும் மாறி மாறி அடித்து வருடம் முழுக்க மேடுகளைத் தட்டையாக்குகின்றன. ஒவ்வொரு நவம்பரிலும் ஊர் வந்து அவற்றை மீண்டும் எழுப்புகிறது. நான் நின்ற நேரத்தில் இருபது குடும்பங்களாவது முழங்காலில் இருந்தன. மணலைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, உள்ளங்கையால் தட்டி, ஓரத்தில் சிப்பி பதித்தார்கள். சண்டைக் காலத்துக்கு முந்திய மரச் சிலுவைகள் உக்கிப்போய்விட்டதால் பெயரில்லாத மேடுகளும் நிறைய உண்டு. அவற்றுக்கு மணல் கூட்டுவார் இல்லை.

ஜெசிந்தாவின் அம்மா மரியபுஷ்பம், மகளுக்குப் பத்து வயதாக இருந்தபோது இறந்தார். அடுத்த வருடம் குடும்பம் படகில் இராமேஸ்வரம் போனது. இருபத்திரண்டு வருடம் மண்டபம் அகதி முகாம். அங்கே இறந்த அப்பா, சாவதற்கு முன் மகளிடம் ஒரு விலாசம் சொல்லியிருந்தார்: பெரிய சிலுவைக்கு வலப்பக்கம், மூன்றாவது. சண்டை முடிந்து ஊர் திரும்பியதும் ஜெசிந்தா செய்த முதல் காரியம் அந்த மேட்டைக் கண்டுபிடித்ததுதான். சீமெந்துச் சிலுவை வைத்து அம்மாவின் பெயரை எழுதினார். அது பதின்மூன்று வருடத்துக்கு முன்.

"ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய வருவன்," என்றார், மணலைத் தட்டியபடி. "செபம் கொஞ்சம், கதைதான் கூட. இவள் சோதினையில என்ன எடுத்தவள், இவர் என்ஜினுக்கு எவ்வளவு செலவழிச்சவர், மண்ணெண்ணெய் என்ன விலை, எல்லாம் சொல்லுவன். வீட்டில ஒருத்தரும் நான் சொல்லி முடிக்கும் மட்டும் இருந்து கேக்காயினம்."

"அம்மம்மாவுக்கு எழும்பிப் போக ஏலாதுதானே," என்றாள் பெனிற்றா. வாளித் தண்ணீர் அவள் மேல் தெறித்தது.

பதினொன்றேகாலுக்குக் கோயில் வேலைகளைப் பார்க்கும் சங்கிலித்தாம் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிலோமினா, அறுபதைத் தாண்டியவர், மண்டபம் முகாமிலிருந்து மூன்று மாதத்துக்கு முன்தான் திரும்பியவர். ஒரு வாக்கியத்தில் 'போறன்' என்றும் அடுத்ததில் 'போறேன்' என்றும் பேசினார். எங்கள் மேட்டுக்கு முன்னால் நின்றார். கடலைப் பார்த்தார், மதிலோரப் பனையைப் பார்த்தார், பிறகு மேட்டை.

"பிள்ளை, குறை நினையாத. இது என்ர மகள் கிடக்கிற இடம்."

ஜெசிந்தா நிமிர்ந்தார். "இல்லை மாமி. இது என்ர அம்மா. பேர் எழுதிக் கிடக்குது."

"பேர் நீ எழுதினது. என்ர நிர்மலா நாலு வயசில காய்ச்சலில போனவள். அந்தப் பனைக்கு நேர, இருபது காலடி. சுத்திவர எட்டுச் சோடாப் போத்தல் கவிட்டுப் புதைச்சனான். கழுத்துக் கீழ, அடிப்பக்கம் மேல. கிண்டிப் பார்."

பெனிற்றா அம்மாவைப் பார்த்தாள். பிலோமினாவே உட்கார்ந்து கையால் மணலை விலக்கினார். ஒரு முழ ஆழத்தில் பச்சைக் கண்ணாடியில் ஒரு வட்டம் தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. ஒரு சிறு பிள்ளை படுக்கும் நீளத்துக்கு ஏழு வட்டங்கள் இருந்தன.

"எட்டாவதைக் காணேல்லை," என்றார் பிலோமினா.

"அது என்னட்ட வந்தது," என்றார் ஜெசிந்தா மெதுவாக. "முந்தின வருசம் மணல் கூட்டேக்க வெளியில வந்தது. குப்பையெண்டு எறிஞ்சனான்."

சங்கிலித்தாம் தலையைச் சொறிந்தார். பிழை எங்கே வந்தது என்பதை அவர்தான் விளக்கினார். பழைய பெரிய சிலுவை மரத்தாலானது. ஊரில் ஆளில்லாத காலத்தில் விழுந்து உக்கிவிட்டது. இப்போதுள்ளது சீமெந்து. மண் இறுக்கமான இடமாகப் பார்த்து வைத்தார்கள். பழையதும் இந்தப் பக்கத்தில்தான் நின்றது, ஆனால் சரியாக எங்கே என்று வைத்தவர்களுக்குத் தெரியாது. "எங்கட சனம் எல்லாம் பெரிய சிலுவையில இருந்துதான் எண்ணுறது," என்றார். "இன்னும் எத்தினை பேர் பிழையா எண்ணினமோ."

ஜெசிந்தா மணலிலேயே இருந்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

"மாமி, அப்ப நான் பதின்மூண்டு வருசமா மண்ணெண்ணெய் விலையெல்லாம் சொன்னது அந்தக் குழந்தைக்கோ?"

பிலோமினா அழத் தொடங்கியிருந்தார். அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்தது. "கேட்டுக்கொண்டு கிடந்திருப்பாள். கதை எண்டால் விடமாட்டாள். நான் அங்க முகாமில இருந்துகொண்டு, பிள்ளை தனியக் கிடக்கிறாளே எண்டு ஒவ்வொரு ராத்திரியும் அழுதேன். இங்க நீ கதை சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறாய்."

ஜெசிந்தா சீமெந்துச் சிலுவையை இரண்டு கையாலும் பிடித்து அசைத்தார், கழற்ற. பிலோமினா அவர் மணிக்கட்டைப் பிடித்தார். "விடு. நிக்கட்டும். இனி எங்க கொண்டுபோய் நடுவாய்?"

ஜெசிந்தா சிலுவையிலிருந்து கையை எடுத்தார்.

அன்று மத்தியானம் ஜெசிந்தா நண்டுக் கறி வைத்தார். உப்புக் கூடிவிட்டது. பாடசாலையால் வந்த ஷாமினிக்குப் பெனிற்றா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"அம்மா, அப்ப நாங்கள் அம்மம்மாவுக்குச் சொன்ன செபமெல்லாம் பிழையான ஆளுக்கே போனது?"

"செபத்துக்கு ஆர் முத்திரை ஒட்டுறது? போற இடத்துக்குப் போகும். சோத்தைத் தின்."

"நாளைக்கு எங்க கொளுத்துறது?"

ஜெசிந்தா அவள் சோற்றுக் கோப்பையில் இன்னொரு அகப்பை போட்டார்.

மாலையில் லீனஸ் வலையிலிருந்து சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். ஜெசிந்தா எதிரே கதிரையில் இருந்து பிள்ளைகளின் உடுப்பை மடித்தார். என்னிடம்தான் பேசினார். ஆனால் கண் உடுப்பில்.

"அம்மா எனக்கு முகம் பெரிசா ஞாபகம் இல்லை அக்கா. படம் ஒண்டும் இல்லை, படகில போகேக்க நனைஞ்சு போச்சு. கைதான் ஞாபகம். தலை வாரி இழுக்கேக்க நோகும், அந்தக் கை. இவளுக்குப் பின்னேக்க என்ர கையும் அப்பிடித்தான் இழுக்குது. எனக்கு அந்த மேடுதான் அம்மா எண்டு இருந்தது. இனி இந்த மணல் முழுக்க எங்கயோ ஓரிடத்தில கிடக்கிறா. நான் அவவைக் கடந்து நடந்திருப்பன். மிதிச்சும் இருப்பன்." ஒரு சட்டையை மடித்து வைத்தார். "நாளைக்குப் போகாமலே விடலாம் எண்டும் இருக்கு."

லீனஸ் தலை நிமிராமல், "போகாட்டி அவ தேடுவா," என்றார். அன்று அவர் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான்.

இரண்டாம் திகதி நாலரைக்கு ஜெசிந்தா கூந்தலை வாரி முடித்துக்கொண்டு வெளியே வந்தார். கையில் எட்டுத் திரி கொண்ட ஒரு பெட்டி. பிள்ளைகள் கையில் பை நிறையச் சிரட்டைகள். காற்றுக்குத் திரி அணையாதிருக்க அதற்குள் வைத்து ஏற்றுவது வழக்கம்.

சேமக்காலை ஊர்ச்சந்தை போலிருந்தது. மூலையில் கடலை விற்றார்கள். குழந்தைகள் மேடுகளுக்கு நடுவே ஓட, தாய்மார் பெயர் சொல்லி அதட்டினார்கள். உயிரோடு இருப்போரின் பெயரும் சிலுவைகளில் இருந்த பெயரும் பாதிக்கு மேல் ஒன்றே. இறந்தவர்களின் நடுவில் இவ்வளவு சாதாரணமாக நிற்கும் மனிதர்களை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பிலோமினா ஏழு போத்தல்களையும் கழுவிப் பதித்திருந்தார். எட்டாவதின் இடத்தில் ஒரு வெண்சங்கு. ஜெசிந்தா முதல் திரியை அங்கே ஏற்றினார். பிறகு எழுந்து, புதிய பெரிய சிலுவையைச் சுற்றிக் கிடந்த பெயரில்லாத மேடுகளை எண்ணினார். பதினொன்று.

"இதில ஒண்டு அம்மா," என்றார். "பெனிற்றா, வாளியைக் கொண்டு வா."

முதல் மேட்டில் முழங்காலில் இருந்து மணலைக் கூட்டித் தட்டி, சிரட்டையை வைத்து ஏற்றினார். அடுத்தது. அடுத்தது. நான்காவதில் பிலோமினா வந்து எதிர்ப்பக்கத்தில் குந்தினார். ஏழாவதோடு பெட்டி முடிந்தது. ஊர்க் கடையில் திரி தீர்ந்துவிட்டது. ஓட்டோவில் இறங்கும்போது தந்த இலக்கத்தில் நான் நிசாமுக்குத் தொலைபேசி எடுத்தேன். இருபது நிமிடத்தில் ரவுணிலிருந்து இரண்டு பெட்டியோடு வந்தார். காசு எவ்வளவு என்று கேட்டேன், வேண்டாமென்று கையை ஆட்டினார். வாசலில் நின்றவர் பிறகு உள்ளே வந்து, கடைசி மேட்டுக்கு ஒரு வாளி தண்ணீர் சுமந்தார்.

ஐந்து ஐம்பதுக்குப் பங்குச் சுவாமி தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு மேட்டிலும் குடும்பத்தவர் பெயர் சொல்ல, அவர் செபிப்பார். பதினொரு மேட்டிலும் ஜெசிந்தா ஒரே பெயரைச் சொன்னார். ஏழாவதில் சுவாமி நிமிர்ந்து பார்த்தார். பிறகு அதற்கும் செபித்தார்.

மூன்றாம் திகதி காலை ஆறுக்குப் புறப்பட்டேன். கொழும்பில் என் அம்மாவின் சாம்பலைக் கடலில் விட்டோம். வருடத்துக்கு ஒரு திதி, சாப்பாடு கடையில் சொல்லி எடுப்போம், பதினொரு மணிக்குள் முடிந்துவிடும். அம்மாவிடம் நான் கடைசியாக எந்தச் சாமானின் விலையைச் சொன்னேன் என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

வாசலில் ஜெசிந்தா வழிக்குச் சாப்பாட்டுப் பொதி தந்தார். அவர் விரல் நுனியில் நீலம் இருந்தது. சேமக்காலையைக் கடக்கும்போது ஓட்டோவை நிறுத்தச் சொல்லி உள்ளே போனேன். சீமெந்துச் சிலுவையில் மரியபுஷ்பம் என்ற பெயர் அப்படியே இருந்தது. அதன் கீழே படகு நீலத்தில் 'நிர்மலா, 4 வயது' என்று எழுதியிருந்தது. பெயின்ற் காயவில்லை.