பொய்ப்பூ என்று கிள்ளிய பூ

அச்சாறு போடுவதற்கென்றே விரலளவில் காய்க்கும், வெள்ளரி வகையான கெக்கரியின் விதை ஒரு பைக்கற் கிடைத்தது. பாலையூற்றில் எங்கள் வீட்டு வேலியோரம் ஊன்றினேன். கொடிகள் நன்றாகப் படர்ந்து மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்தன.

பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ ஒரு கந்தோரில் பெரிய ஆளாய் இருந்து ஓய்வுபெற்றவர். தன் வளவில் ஒரு மிளகாய்க் கன்றுகூட நட்டறியாதவர். கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தபடியே வேலிக்கு மேலால் சொன்னார்:

"தங்கச்சி, பிஞ்சில்லாத பூவெல்லாம் பொய்ப்பூ. காய்க்காது, சத்தைத்தான் உறிஞ்சும். கிள்ளி எறியுங்கோ."

படித்தவர் சொல்கிறாரே என்று நானும் தினமும் காலையில் ஒன்று விடாமல் கிள்ளினேன். பிஞ்சோடு வந்த பூக்களிலோ பிஞ்சு மஞ்சளித்து உதிர்ந்தது. "கடற்காத்து, உப்புத்தண்ணி. வேறையென்ன?" என்றார் அவர்.

கொடிகளைப் பிடுங்கப் போன அன்று, கிளிவெட்டியில் தோட்டம் செய்யும் என் மச்சாள் வந்தாள். குப்பையில் கிடந்த பூக்களைப் பார்த்தாள்.

"ஆம்பிளைப் பூவையெல்லாம் கிள்ளிப்போட்டு, பிள்ளை தங்கேல்லை எண்டு அழுறீங்களோ மச்சாள்?"

வெட்கத்தோடு கொடிகளைப் பிடுங்காமல் விட்டுவிட்டேன்.

இப்போது காலையில் ஓர் ஆண் பூவைப் பறித்து, அதன் மகரந்தத்தைப் பிஞ்சுப் பூக்களில் நானே தொட்டுவைக்கிறேன். மூன்று போத்தல் அச்சாறு போட்டாயிற்று. தான் சொன்னபடி கிள்ளியதால்தான் காய்த்தது என்று பக்கத்து வீட்டுக்காரர் வருகிறவர்களிடம் சொல்கிறாராம்.

கொடியில் இனி எதையும் கிள்ளி எறிவதில்லை. பொய்ப்பூ என்றால் அது வேலிக்கு அந்தப் பக்கம் கதிரையில் இருப்பதுதான். அங்கிருந்து வரும் கதையை மட்டும் கிள்ளி எறிந்துவிடுகிறேன்.