லஞ்ச் ஷீட் சுற்றிய கழுத்து

சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபோது, இரத்தம் சுத்திகரிக்க என் கழுத்தில் தற்காலிகமாக ஒரு குழாய் வைத்தார்கள். அதில் ஈரம் படவே கூடாது என்றார் தாதி. இரண்டு வாரம் பொறுத்தேன். குளிக்காமல் ஞாயிறு பூசைக்குப் போவதா என்று வீட்டில் கத்தினேன்.

மனைவி, சோறு கட்டுகிற பிளாஸ்டிக் லஞ்ச் ஷீட்டை எடுத்து என் கழுத்தைச் சுற்றி டேப் ஒட்டினாள். ஆசை தீரக் குளித்தேன். செவ்வாய்க்கிழமை இரத்தம் சுத்திகரிக்கப் போகும்போது ஆஸ்பத்திரியில் எப்படியும் அவிழ்ப்பார்கள்தானே என்று பார்சலை அப்படியே விட்டுவிட்டோம். செவ்வாயன்று மடவளை பஸ் நெரிசலில் எல்லோரும் வியர்த்து வழிய, நான் மட்டும் குளிரில் வெடவெடவென்று நடுங்கினேன்.

டொக்டர் பார்சலை அவிழ்த்தார். உள்ளே சீழ்.

"யாரு கட்டினது?"

"நான்தான் டொக்டர்," என்றாள் மனைவி பெருமையாக. "ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகல."

"வேர்வை வெளிய வரவும் இல்லையேம்மா."

குழாயைக் கழற்றி, நாள்கணக்கில் மருந்து ஏற்றி, மறுபக்கக் கழுத்தில் வேறொன்று வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது தந்த தாளில், 'ஈரம் படக்கூடாது' என்பதன் கீழ் இரண்டு கோடு போட்டிருந்தது.

"அதத்தானேங்க நானும் செஞ்சேன்!" என்று மனைவி வெடித்தாள்.

எனக்கு அவள்மேல் கோபமே வரவில்லை. அந்தக் குளியல் அவ்வளவு சுகமாக இருந்தது.